கம்ப்ரசரை மாற்றும் முன் சென்சாரைச் சோதியுங்கள்!

“ஆத்தூர் பக்கம் வாழையும் வெற்றிலையும் வைத்திருக்கிறோம். அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி அழைத்துப் போவதற்காகப் பழைய கார் ஒன்று வாங்கினோம். வெப்பநிலையை நாம் வைத்துவிட்டால், தானே பார்த்துக்கொள்ளும் ஏ.சி. உள்ள கார். மூன்று மாதமாக ஒருநாள் நன்றாகக் குளிர்கிறது, மறுநாள் வெறும் காற்றுதான் வருகிறது. வெளி வெப்பநிலை காட்டும் இடத்தில் சில நேரம் மைனஸ் 30 என்று வருகிறது. இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று. இப்போது, ‘கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும்’ என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?”

- வாசகர், ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டம்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. தூத்துக்குடியில் மார்கழி விடியலில்கூட மைனஸ் 30 டிகிரி வராது. அப்படியென்றால், காருக்கு வெளி வெப்பத்தைச் சொல்கிற சென்சாரோ, அதன் வயரோ தப்பான தகவல் தருகிறது. வெளியே கடுங்குளிர் என்று தகவல் வந்தால், பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி கம்ப்ரசரை ஓடவே விடாது. ‘குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு?’ என்று அது நினைத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் நன்றாக இருந்தும், ஓடச் சொல்லி உத்தரவு போகாததால் சும்மா இருக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு. கேஸ் கசிந்தால் பெரும்பாலும் குளிர்ச்சி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருந்தால் எப்போதுமே குளிர் குறைவாக இருக்கும், அல்லது சத்தம் வரும். ஒருநாள் முழுக் குளிர், மறுநாள் வெறும் காற்று என்று மாறி மாறி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின் இணைப்பைத்தான். சென்சார், கனெக்டர், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கம்ப்ரசரில் கை வைக்க வேண்டும்.

எத்தனை சென்சார்? எது என்ன செய்கிறது?

சாதாரண ஏ.சி.யில் குமிழைத் திருகி நாமே குளிரைக் கூட்டிக் குறைக்கிறோம். தானியங்கி ஏ.சி.யில் 24 டிகிரி என்று வைத்துவிட்டால், காற்றின் வேகத்தையும் குளிரையும் கார் தானே மாற்றிக்கொள்ளும். 1964-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதற்குக் காருக்குப் பல இடங்களில் ‘கண்’ தேவை. அவை:

வெளி வெப்ப சென்சார்: பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டர் அருகே இருக்கும். சில கார்களில் பக்கக் கண்ணாடிக்குள் இருக்கும்.

உள் வெப்ப சென்சார்: டேஷ்போர்டில் சிறு சல்லடை போன்ற துளைகளுக்குப் பின்னால் இருக்கும். காரின் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக உறிஞ்சி, சூட்டைப் பார்க்கும்.

கூலிங் காயில் சென்சார்: டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் செருகியிருக்கும். காயில் உறையும் நிலைக்கு நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும்.

வெயில் சென்சார்: முன் கண்ணாடியை ஒட்டி, டேஷ்போர்டு மேல் சிறு கறுப்புக் குமிழாக இருக்கும். வெயிலின் அளவைப் பார்க்கும்.

கேஸ் அழுத்த சென்சார்: கேஸ் செல்லும் குழாயில் இருக்கும். அழுத்தம் மிகக் குறைந்தாலும், மிகக் கூடினாலும் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

இவற்றில் வெப்பத்தைப் பார்க்கும் மூன்றும் ஒரே இனம். அவற்றுக்குள் ‘தெர்மிஸ்டர்’ என்ற சிறு மணி இருக்கிறது. சூடு ஏறினால் அதில் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். சில பொருள்களுக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1833-லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டார். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைத் தெர்மிஸ்டரில் 25 டிகிரியில் 10,000 ஓம் இருந்தால், 0 டிகிரியில் ஏறக்குறைய 32,000 ஓம், 50 டிகிரியில் ஏறக்குறைய 3,600 ஓம் இருக்கும். காருக்குக் கார் இந்த எண் மாறும். ஆனால், ‘குளிர்ந்தால் ஏறும், சூடானால் இறங்கும்’ என்பது மாறாது.

உப்புக் காற்று செய்யும் இரண்டு வேலை

முத்துக்குளித்துறைக் கரையோரம் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். முள்ளக்காட்டிலிருந்து ஆறுமுகநேரி வரை சாலையோரம் உப்பளங்கள் இருக்கின்றன. கடல்காற்றில் வரும் உப்பு முன் பம்பருக்குள் படிகிறது. உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போல, கனெக்டர் பின்னிலும் வயர் நுனியிலும் பச்சைக் களிம்பு ஏறுகிறது. அதன்பின் இரண்டு விதமாகக் கோளாறு வரலாம்.

வாய்க்காலில் மண் அடைத்தால் தண்ணீர் குறைகிறது அல்லவா? களிம்பு ஏறிய பின்னில் மின்சாரமும் அப்படித்தான் தடைபடுகிறது. மின்தடை கூடினால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது ‘குளிர்’ என்றே தெரியும். வயர் முழுதாக அறுந்துவிட்டால் ‘கடுங்குளிர்’ என்று நினைக்கும். மைனஸ் 30, மைனஸ் 40 என்று திரையில் வருவது இதனால்தான். சில கார்களில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு வரும்.

இன்னொன்று மடை கசிவது போன்றது. கனெக்டருக்குள் உப்பு நீர் புகுந்து இரண்டு பின்னுக்கும் நடுவே தேங்கினால், மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. பெட்டிக்கு அது ‘சூடு’ என்று தெரியும். ஆக, ஒரே உப்பு ஒரு காரில் குளிர் என்றும், இன்னொரு காரில் சூடு என்றும் பொய் சொல்ல வைக்கும். மழைக்குப் பிறகோ, பனி விழுந்த காலையிலோ கோளாறு வந்து, வெயில் ஏறியதும் சரியானால், கனெக்டரில் ஈரம் இருப்பதாகச் சந்தேகப்படலாம்.

செலவில்லாத சோதனைகள்

முதலில், சென்சாருக்குச் சம்பந்தமில்லாத எளிய காரணங்களைக் கழித்துவிடுங்கள். கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? முன்னால் இருக்கும் கண்டன்சரின் தகடுகளில் உப்புத்தூளோ, பதரோ, பூச்சியோ அடைத்திருக்கிறதா? ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா? ஃபியூஸ் சரியா? இன்ஜின் சூடு முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால், அதை முதலில் கவனியுங்கள். இன்ஜின் கொதித்தாலும் கார் ஏ.சி.யை நிறுத்தும்.

அடுத்தது விடியற்காலைச் சோதனை. காரை இரவு முழுக்க நிழலில் நிறுத்துங்கள். காலையில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, வெளி வெப்பநிலை எண்ணைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண வெப்பமானி காட்டுவதோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பத்து டிகிரி இருக்கக்கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் இரவே காரை விட்டால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் வெளி சென்சார், உள் சென்சார், கூலிங் காயில் சென்சார் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இரவெல்லாம் ஒரே காற்றில் இருந்தவை அவை. இரண்டு 27 என்று சொல்லி, மூன்றாவது 6 என்று சொன்னால், பொய் சொல்வது எது என்று தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்போனுடன் இணையும் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் தகவலை மட்டுமே படிக்கும். ‘ஸ்கேன் பண்ணியாச்சு, ஒன்றும் இல்லை’ என்று சொன்னால், ‘ஏ.சி. பெட்டியைப் படித்தீர்களா?’ என்று கேளுங்கள்.

பகலில் வெயிலில் நின்ற கார் 45 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம். பம்பருக்குள் தேங்கிய சூட்டை அது சொல்கிறது. ஓடத் தொடங்கிச் சிறிது தூரம் போனதும் இறங்கிவிடும்.

உள் சென்சாருக்கு ஒரு சுலபச் சோதனை உண்டு. ஏ.சி.யை ஓடவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை டேஷ்போர்டின் அந்தச் சல்லடைத் துளைமேல் வையுங்கள். காற்றை உறிஞ்சும் வகையாக இருந்தால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் விழுந்தால் உறிஞ்சும் வழியில் தூசியோ, கழன்ற குழாயோ இருக்கலாம். வெயில் சென்சார் மேல் சாமி படமோ, துணியோ வைத்து மறைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சில கார்களில் நிழலான ஷெட்டுக்குள் ஸ்கேன் செய்தாலே ‘வெயில் சென்சார் கோளாறு’ என்று வரும். வெளியே நிறுத்தி மறுபடி பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மல்டிமீட்டர் சோதனை

இதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். நீங்கள் அருகிலிருந்து பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, வெளி சென்சாரின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சென்சாரின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், அது 0 டிகிரியில் நிற்கும். சென்சாரின் நுனியை மட்டும் அதில் வைத்தால், ஓம் அளவு சீராக ஏறி ஒரு எண்ணில் நிற்க வேண்டும். எடுத்து உள்ளங்கையில் பொத்தினால் சீராக இறங்க வேண்டும். நடுவில் எண் குதித்தால், அசையாமல் நின்றால், அளவே வராமல் போனால் சென்சார் கெட்டுவிட்டது. அந்த மாடலுக்கு உரிய ஓம் அட்டவணை பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

சென்சார் சரியாக இருந்தால் குறை வயரில் இருக்கிறது. கார்ப் பக்கக் கனெக்டரைத் திறந்து விட்டால் பெட்டி கடுங்குளிரையும், இரண்டு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் கடுஞ்சூட்டையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். காட்டினால் வயரும் பெட்டியும் சரி. காட்டாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. வயரை மெல்ல அசைத்துக்கொண்டே எண்ணைப் பார்த்தால், குதிக்கும் இடம் பிடிபடும். வைக்கோல் போர் பக்கம் நிறுத்தும் கார் என்றால், எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை: இணைத்துப் பார்க்கும் இந்த முறை இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டும்தான். கேஸ் அழுத்த சென்சாரில் இதைச் செய்யவே கூடாது. அழுத்தம் எல்லை மீறும்போது காப்பாற்றுவதே அதுதான். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற கனெக்டர், மஞ்சள் உறை போட்ட வயர் இருந்தால் அது ஏர்பேக் இணைப்பு. அதைத் தொடவே வேண்டாம்.

சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

களிம்பு லேசாக இருந்தால், மின் இணைப்புகளுக்கான கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்டு, அதற்கென்றே உள்ள டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினால் போதும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது. பின் அரித்துப்போயிருந்தால் கனெக்டரையே புதிதாகப் போட வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றினால், அந்த டேப்புக்குள் உப்பு ஈரம் தங்கி மீண்டும் அரிக்கும். முறையாக அழுத்திப் பூட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் குளிரவில்லை என்றால், கேஸ் அழுத்தத்தை இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரசரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். ஒர்க்‌ஷாப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த அளவைப் பார்த்து இந்த உதிரிபாகம் கெட்டது என்கிறீர்கள்? மதிப்பீட்டை எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பில்லோடு ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கார் சரியாகும்வரை, அம்மாவை அழைத்துப் போகும் நாளில் கிளம்பும் முன்பே ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். குளிரவில்லை என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டே போங்கள். சிகிச்சை முடிந்து களைத்து வருபவரை வெயிலில் நிற்கும் மூடிய காரில் உட்கார வைக்க வேண்டாம்.

“எங்கள் காரில் முதல் ஒரு மணி நேரம் ஐஸ் போலக் குளிர்கிறது. பிறகு காற்று வருவதே குறைந்துபோகிறது. ஏ.சி.யை நிறுத்தினால் காலடியில் தண்ணீர் சொட்டுகிறது. இதுவும் சென்சார்தானா?”

- வாசகி, உடன்குடி.

பெரும்பாலும் ஆம். கூலிங் காயில் சென்சார், காயில் உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருப்பதாகச் சொன்னால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். காயில் மேல் படியும் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி, காற்று போகும் வழியை அடைத்துவிடும். நிறுத்தியதும் பனி உருகித் தண்ணீராக வருகிறது. சென்சார் தன் இடத்திலிருந்து நழுவி, காயிலைத் தொடாமல் இருந்தாலும் இதே நிலைதான். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பனி வேகமாகப் படியும்.

ஆனால், முதலில் இரண்டு சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காயில் உறையும். காரின் அடியில் தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே சொட்டும். இரண்டும் சரி என்றால் சென்சாரைப் பாருங்கள். அதுவரை, காற்று குறைந்ததும் ஏ.சி. பட்டனை மட்டும் நிறுத்தி, ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் பனி உருகிவிடும்.

“துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் லாரி வைத்திருக்கிறோம். லாரிக்கு ஏ.சி. கட்டாயம் என்கிறார்களே, பழைய லாரிக்கும் உண்டா?”

- வாசகர், முள்ளக்காடு.

பழைய லாரிக்குக் கட்டாயம் இல்லை. 2025 அக்டோபர் 1 அன்றோ, அதற்குப் பின்னரோ தயாரான, மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில்தான் ஏ.சி. கட்டாயம். புது லாரி வாங்கினால், உப்பு ஏற்றும் வண்டி என்பதால் ஒரு பழக்கம் வேண்டும். வாரம் ஒருமுறையாவது முன் பக்கத்தையும் கண்டன்சரையும் நல்ல தண்ணீரால், வேகம் குறைவாக வைத்துக் கழுவுங்கள். அதிக அழுத்தப் பம்பை கனெக்டர்மேல் அடித்தால், உப்பு நீர் உள்ளே ஏறிவிடும்.

“வாழைத்தார் வைக்கச் சிறு குளிர் அறை கட்டியிருக்கிறோம். மீட்டர் 14 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் காய் சாம்பல் பூத்து, பழுக்கும்போது மஞ்சள் ஏறவில்லை. என்ன காரணம்?”

- வாசகர், ஸ்ரீவைகுண்டம்.

அறை, மீட்டர் காட்டுவதைவிடக் குளிராக இருக்கலாம். வாழை 13 டிகிரிக்குக் கீழே தங்கினால் தோலில் குளிர்க்காயம் வரும். நீங்கள் சொல்லும் அறிகுறி அதுதான். சென்சார் சூடாக இருப்பதாகப் பொய் சொன்னால், இயந்திரம் தேவைக்கு மேல் குளிர்விக்கும். கார் சென்சாருக்குச் சொன்ன ஐஸ் தண்ணீர்ச் சோதனையை இங்கேயும் செய்யலாம். சென்சார் நுனியை ஐஸ் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்தால் மீட்டர் 0 காட்ட வேண்டும். 3 காட்டினால், அறை 14 என்று சொல்லும்போது உள்ளே 11 ஆக இருக்கலாம். கப்பலில் போகும் குளிர்சாதனக் கண்டெய்னர்களின் சென்சாரையும் ஐஸ் தண்ணீரில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். சென்சார் சரி என்றால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதவருகே இருந்தால் சூடான காற்றைப் பார்த்து ஏமாறும். குளிர்காற்று நேராக விழும் இடத்தில் இருக்கும் தார்கள்தான் முதலில் கெடும். அங்கே தனியாக ஒரு வெப்பமானி தொங்கவிட்டு, தினமும் காலை, மாலை இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வாருங்கள்.

வாகனம், குளிர் அறை பற்றிக் கேள்வி அனுப்புபவர்கள், மாடல், தயாரான ஆண்டு, எந்த நேரத்தில் கோளாறு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இதுவரை என்ன மாற்றினார்கள் என்பதையும் எழுதி அனுப்பவும். திரையில் வரும் எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆத்தூர் வாசகரின் கேள்விக்கு விடை சொல்ல உதவியது அந்த மைனஸ் 30-தான்.